மைக்செட் நீட்டிய கை

கை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் டாக்டரம்மாவின் பரீட்சைக்கு வேண்டியது அடுத்தவர் கை. உயிரோடு, சூடாக, நரம்பு எடுப்பாகத் தெரிகிற கை. அப்படி ஒன்றை ஒரு வாரமாகத் தாஜா பண்ணித் தயாராக வைத்திருந்தாள். அன்று காலை அந்தக் கை பைக்கில் ஏறி ஓடிவிட்டது.

கைக்குச் சொந்தக்காரர் அவளுடைய கணவர். லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பக்கத்தில் நின்று வளைப்பவர். பட்டறையில் அவர் மீசையைத் தடவினால் வேலையாட்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மீசைக்காரர், "பட்டறையில அவசரம்மா! வேற யாரையாவது பாத்துக்கோ!" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்துவிட்டு, பதில் வருவதற்குள் தெருவைத் தாண்டிவிட்டார். டீ அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

ஊசி என்றால் அவருக்குப் பயம். தெருவுக்கே தெரியும். அது ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருப்பது அவர் ஒருவர்தான்.

டாக்டரம்மா என்றதும் பெரிய மேஜை, சுழல் நாற்காலி என்று யாரும் கற்பனை பண்ண வேண்டாம். மகளை விடுதியில் சேர்த்துவிட்டு வந்த கையோடு, மருத்துவ உதவியாளர் பயிற்சியில் தானும் சேரப்போவதாக இந்த வீட்டு மருமகள் சொன்ன அன்று நாத்தனார் வைத்த பட்டம் அது. "பொண்ணு படிக்கற வயசுல அம்மாவும் பையைத் தூக்கிட்டாளா?" என்பதில் ஆரம்பித்து, "ஊரான் ரத்தத்தைத் தொட்ட கையால நமக்குச் சமையலா?" என்பது வரை எல்லா வசனமும் பேசித் தீர்ந்தாயிற்று. டாக்டரம்மா காலையில் சமைத்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். மாலையில் வந்து மறுபடி சமைத்தாள். யாரும் தட்டைத் தள்ளிவைக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டயர் கடை மாடியில் வகுப்பு. அங்கே ஊசி பழக ஒரு ரப்பர் கை உண்டு. மாணவிகள் அதற்கு 'மாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள். எத்தனை தடவை குத்தினாலும் மாமா முகம் சுளிக்க மாட்டார். வீட்டில் இப்படி ஒரு சொந்தம் இல்லையே என்று டாக்டரம்மா ஏங்கியதுண்டு. நாளாக ஆக அவள் பார்வையே மாறிவிட்டது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முழங்கை மடிப்பைப் பார்த்து, 'அடடா, என்ன நரம்பு!' என்று சொக்கிப்போவாள். மாமியாரோ, மருமகள் பக்கத்தில் வந்தாலே கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்.

இன்று கடைசி செய்முறைத் தேர்வு. ரப்பர் மாமா செல்லாது. கூடப் படிப்பவள் கையும் செல்லாது. வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, முறைப்படி ரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும். இதை விட்டால் அடுத்த தேர்வு அரை வருஷம் கழித்து. தெருமுனை மருத்துவமனையில் அவளுக்கென்று பிடித்து வைத்திருக்கும் வேலையோ வரும் திங்கட்கிழமை. தேறினால் வா, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

"போகட்டும் விடு" என்றார் மாமியார். குரலில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. "எல்லாம் ஒரு நல்லதுக்குத்தான். பையை வெச்சுட்டு வந்து காயை நறுக்கு."

"பை இறங்காதுங்க அத்தை."

"ஆள் இல்லாம அங்க போயி என்ன பண்ணப் போற?"

"தெருவுல நின்னு கேப்பேன். போறவங்க வர்றவங்ககிட்ட ஒரு கை குடுங்கன்னு கேப்பேன். நாலு பேரு திட்டுவாங்க. அஞ்சாவது ஆளு குடுப்பாரு."

"ஐயையோ, நம்ம மானம் என்ன ஆகறது?"

"மானத்துலேருந்து ரத்தம் எடுக்க முடியாதுங்க அத்தை. கைதான் வேணும்."

இத்தனை வருஷத்தில் மருமகள் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் அடுப்படி வாசலிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"நான் வரேன்."

மீசைக்காரரின் அக்கா. இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள் என்று பெயர்தான். அவள் வீட்டுப் பூட்டு திறப்பது தூங்குகிற நேரத்துக்கு மட்டும். மற்றபடி விடிந்ததும் அம்மா வீட்டில் ஆஜர். அவள் ரகசியம் பேசினால் பால் கடை வரைக்கும் கேட்கும். தெருவில் எல்லோருக்கும் அவள் 'மைக்செட்'. டாக்டரம்மா என்று பட்டம் வைத்த புண்ணியவதியும் அவளேதான்.

"நீயா?" மாமியார் கண்ணை விரித்தார்.

"ஏன், எனக்குக் கை இல்லையா? இவ அங்க போயி என்னதான் கிழிக்கறான்னு நேர்ல பாத்துட்டு வரேன். வந்து உங்களுக்கும் சொல்ல வேண்டாமா?"

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. மைக்செட் சேதி சேகரிக்கப் போகிறாள். உலகம் வழக்கம்போலத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு மட்டும் நிம்மதி இல்லை. ஊரில் எத்தனையோ கை இருக்க, இந்தக் கையா? குத்தும்போது ஒரு மயிரிழை தப்பினாலும் பத்து வருஷத்துக்குப் பேச விஷயம் கிடைத்துவிடுமே. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க அண்ணி. பஸ் வந்துரும்."

தேர்வு அறையில் ஒரு படுக்கை, ஒரு நாற்காலி, குத்தி முடித்த ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பா. சுவரோரம் நின்றுகொண்டிருந்தார் தேர்வு நடத்தும் சிஸ்டர். அவருக்குத் தெரிந்த ஒரே பாராட்டு 'ம்'.

டாக்டரம்மாவுக்கு முன்னால் போன பெண் அவளுடைய அம்மாவைக் கூட்டிவந்திருந்தாள். போன வேகத்தில் வெளியே வந்தாள், கண் கலங்கி.

"என்ன ஆச்சு?"

"பேரு கேக்காம விட்டுட்டேங்க்கா. அம்மாகிட்டப் போயி உன் பேரு என்னன்னு எப்படிக் கேக்கறது? சிரிப்பு வந்துருச்சு. சரின்னு நேரா, நரம்பு எழும்பறதுக்குக் கையில பட்டையைக் கட்டிட்டேன். அதோட நிறுத்திட்டாங்க."

அவ்வளவுதான். ஊசி பைக்குள்ளேயே இருக்க, பரீட்சை முடிந்துவிட்டது. படுத்திருப்பது பெற்ற தாயாகவே இருந்தாலும் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும். அதுதான் விதி. ஒருவர் ரத்தத்துக்கு இன்னொருவர் பெயரை ஒட்டிவிட்டால் விளைவு யார் தலையில் விடியும்?

டாக்டரம்மா கையைக் கழுவினாள், கிளவுஸ் மாட்டினாள். நாற்காலியில் மைக்செட் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"வணக்கம். உங்க முழுப் பேரு சொல்லுங்க."

"என்னது?" அறையே அதிர்ந்தது. "நேத்து வரைக்கும் தெரிஞ்ச பேரு இன்னிக்கு மறந்துபோச்சா?"

"நீங்கதான் சொல்லணும்ங்க."

மைக்செட் சொன்னாள். அப்பா பேர், புருஷன் பேர் எல்லாம் சேர்த்து, கீழே டயர் கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி.

"பிறந்த தேதி?"

தேதி கணீரென்று வந்தது. மாதமும் வந்தது. அதோடு நின்றுவிட்டது.

"வருஷம்?"

"அதுவும் வேணுமா?"

"வேணும்ங்க."

மைக்செட் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முன்னால் குனிந்து, பஞ்சு விழுகிற சத்தத்தில் ஒரு வருடத்தைச் சொன்னாள். டாக்டரம்மாவின் புருவம் தன்னையறியாமல் மேலே போனது. கஷ்டப்பட்டு இறக்கி வைத்தாள்.

அடுத்தடுத்த கேள்விகள் சரளமாகப் போயின. கிளவுஸ் அலர்ஜி உண்டா? இல்லை. ரத்தம் எடுக்கும்போது மயக்கம் வந்திருக்கிறதா? "எனக்கா? மயக்கமா?" இல்லை.

இங்கேதான் டாக்டரம்மா சறுக்கினாள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்பது அடுத்த கேள்வி. மைக்செட்டாவது, யாருக்கும் தெரியாமல் மாத்திரை சாப்பிடுவதாவது! அவளுக்குத் தும்மல் வந்தால்கூடத் தெருவுக்கே அறிவிப்பு வந்துவிடும். கேள்வி வாயிலிருந்து முழுதாக வெளியே வருவதற்குள் பேனா 'இல்லை' என்று எழுதிவிட்டது.

"சாப்பிடறேன்" என்றாள் மைக்செட்.

டாக்டரம்மா நிமிர்ந்தாள். "என்னங்க?"

"சாப்பிடறேன். கால்ல ரத்தம் கட்டிக்கிச்சு. நெஞ்சுக்கு ஏறிடாம இருக்கறதுக்கு மாத்திரை. ஆறு மாசமா." அந்தக் குரலில் மைக்கும் இல்லை, செட்டும் இல்லை. பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கிற சாதாரணக் குரல். அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பதே டாக்டரம்மாவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

சிஸ்டர் ஒரு அடி முன்னால் வந்து காகிதத்தைப் பார்த்தார். "பதில் வர்றதுக்கு முன்னாடியே எழுதிட்டியா?"

"ஆமா சிஸ்டர். வீட்டு ஆளு, எல்லாம் எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன். தப்பு." எழுதியதை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, சரியாக எழுதினாள்.

"மார்க்கு போகும்."

"போகட்டும் சிஸ்டர்."

"இப்ப என்ன பண்ணுவ? ஆளை மாத்தணும்னா அடுத்த தேர்வுலதான்."

"எடுக்கலாம் சிஸ்டர். எடுத்த பிறகு அதிக நேரம் அழுத்திப் பிடிக்கணும். ஆனா அவங்க சம்மதிக்கணும்." மைக்செட் பக்கம் திரும்பினாள். "குத்தின இடத்துல நீலம் பாயும்ங்க. சாதாரணமா பாயறதைவிட ஜாஸ்தியா. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

வேண்டாம் என்று அவள் சொன்னால் திங்கட்கிழமை வேலை போச்சு. ஒரு சொல்தான். அதைச் சொல்லத்தானே வந்திருப்பாள் என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றியது.

மைக்செட் ரவிக்கையின் நீளக் கையை மேலே ஏற்றினாள்.

"எடு. பேசிட்டே இருக்காத."

பட்டையைக் கட்டினாள். நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவித் தேடினாள், கண்ணை மூடிக்கொண்டு பையில் சாவி தேடுகிற மாதிரி. ஓரிடத்தில் லேசாக எழும்பியது. துடைத்து, காயவிட்டு, "சுருக்குன்னு இருக்கும்" என்று சொல்லி, குத்தினாள்.

குப்பியில் சிவப்பு ஏறியது.

பட்டையை அவிழ்த்து, ஊசியை உருவி மஞ்சள் டப்பாவில் போட்டு, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மைக்செட் நெளிய ஆரம்பித்தாள்.

"போதும், விடு. நானே பிடிச்சுக்கறேன்."

"விட முடியாது. உக்காருங்க."

"யாருகிட்டப் பேசறன்னு தெரியுதா?"

"தெரியும். அதான் பேரு கேட்டேன்ல? உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது."

சிஸ்டரின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. மைக்செட் உட்கார்ந்தாள். ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்தபடி, இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர்கள் இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டதில்லை. பிடிக்கச் சொல்லியிருந்தால் இருவருமே சிரித்திருப்பார்கள்.

ரத்தம் நின்றது. குப்பியில் பெயர் ஒட்டினாள். சிஸ்டர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், கடைசியில் ஆளைப் பார்த்தார்.

"ம்" என்றார். "தேறிட்ட. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. இந்த ரூம்ல கேட்டது இந்த ரூமோட போச்சு. வெளிய ஒரு வார்த்தை போனாலும் உன் சான்றிதழை நானே கிழிப்பேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மைக்செட் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் எல்லோரும் கூடத்தில் கூடியிருந்தார்கள். மாமியார் நடுநாயகமாக. மீசைக்காரர் ஓரமாக, ஆறாத டீயும் அசட்டுச் சிரிப்புமாக.

"தேறிட்டேன்" என்றாள் டாக்டரம்மா.

யாரும் கைதட்டவில்லை. எல்லோர் கண்ணும் மைக்செட் மேல் இருந்தது. சேதி அங்கேயிருந்துதானே வர வேண்டும்? அவளோ தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கையை நீட்டினாள். ரவிக்கையின் கை மேலே ஏறியது.

"அடக் கடவுளே!" மாமியார் எழுந்தே விட்டார். "என்னடி இது, இவ்வளவு நீலம்?"

முழங்கை மடிப்பிலிருந்து பாதிக் கை வரைக்கும் மை கொட்டியது போல நீலம். டாக்டரம்மா எதிர்பார்த்ததைவிட அதிகம்.

"குத்திக் குதறி வெச்சிருக்காளே! இதுதான் தேறின லட்சணமா?"

"நல்லவேளை, நான் தப்பிச்சேன்" என்று மீசைக்காரர் முணுமுணுத்தார். காலையில் ஓடியதற்கு இப்போதுதான் அவருக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கிறது, விடுவாரா?

டாக்டரம்மா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் செம்பைப் பார்த்தாள். தெருவுக்கே சேதி சொல்கிற வாய், அரக்கு வைத்து ஒட்டின மாதிரி மூடியிருந்தது.

"சொல்லுடி" என்றார் மாமியார் மகளிடம். மகள் தண்ணீரைக் குடித்தாள். மருமகளிடம் திரும்பினார். "நீயாவது சொல்லு. எப்படி ஆச்சு இது?"

ஒரு வாக்கியம் போதும். மாத்திரை சாப்பிடுகிறார்கள், அதனால்தான் என்று சொன்னால் பழி அப்படியே இடம் மாறிவிடும். இத்தனை வருஷமாக வாங்கிய குத்தலுக்கெல்லாம் ஒரே அடியில் கணக்குத் தீர்ந்துவிடும். வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. இனிப்பாகக்கூட இருந்தது.

"என் கை தப்புப் பண்ணலைங்க அத்தை" என்றாள். "அதுக்கு மேல சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதா? இந்த வீட்ல சொல்ல முடியாததுன்னு ஒண்ணு இருக்கா?"

"இன்னியிலேருந்து இருக்கு."

மாமியார் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். குளியலறைக்குக்கூட உள்தாழ்ப்பாள் சரியாக விழாத வீடு அது. ஒருவர் பல்வலி எல்லோருடைய பல்வலியாக இருக்கும் இடம். அங்கே இப்படி ஒரு பேச்சு!

"அப்படீன்னா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இந்த லட்சணத்துல வேலைக்குப் போயி இன்னும் நாலு பேரு கையைக் கெடுக்க வேண்டாம். திங்கக்கிழமை நீ எங்கயும் போகல."

"எதுக்கு அவசரப்படறே, அம்மா சொல்றதையும் கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்" என்று மீசைக்காரர் ஒத்து ஊதினார்.

டாக்டரம்மா தோளிலிருந்து பையை இன்னும் இறக்கவில்லை.

"யோசிச்சுட்டேன். திங்கக்கிழமை நான் வேலைக்குப் போறேன். நீங்க கையைக் குடுக்கறேன்னு சொல்லிட்டு ஓடினீங்க. நான் சொல்லிட்டு ஓட மாட்டேன்."

மீசை ஒரு பக்கமாகச் சரிந்தது. டீ குடிப்பதில் அவருக்குத் திடீரென்று ஆழ்ந்த அக்கறை வந்துவிட்டது.

பின்பக்கக் குழாயடியில் டாக்டரம்மா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு அதுதான் வைத்தியம். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஊசி நல்லாவே வலிச்சுது" என்றாள் மைக்செட்.

"சுருக்குன்னு இருக்கும்னு சொன்னேனே."

"சொன்ன." மைக்செட் கிட்டே வந்தாள். "அங்க வெச்சு மாத்திரை விஷயத்தை நான் சொல்லாம இருந்திருக்கலாம். கேள்வியையே நீ பாதிதான் கேட்டே."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"நீ வீட்ல வந்து போட்டு உடைக்கறியா, இல்லையான்னு பாக்கணும். இந்த வீட்ல ஒரு வாயையும் நம்ப முடியாது. என் வாயையும் சேத்துத்தான் சொல்றேன்." நீலக் கையை இன்னொரு கையால் தடவிக்கொண்டாள். "நாளைக்குக் காலைல பெரிய ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பாக்கப்போறாங்க. கால்ல கட்டின ரத்தம் நெஞ்சுக்கு ஏறியிருக்கான்னு. ஆறு மாசமா தனியாத்தான் போறேன், வரேன். நாளைக்கு... நீ கூட வர்றே."

கேட்பது மாதிரி இல்லை, உத்தரவு மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை லேசாக நடுங்கியதை டாக்டரம்மா கவனித்துவிட்டாள். நரம்பு தேடிப் பழகிய ஆள் அல்லவா?

குழாயை மூடினாள்.

"வரேன். ஆனா ஒண்ணு அண்ணி. இந்த நீலத்துக்கு நான் காரணம் இல்லன்னு திங்கக்கிழமைக்குள்ள நீங்களே உங்க வாயால கூடத்துல சொல்லணும். மாத்திரை கதையைச் சொல்ல வேண்டாம். அது உங்க இஷ்டம். என் கை நல்ல கைன்னு மட்டும் சொல்லணும். தெருவுக்கே கேக்கற மாதிரி."

"என்கிட்டயே பேரம் பேசறியா?"

"ஆமா."

மைக்செட் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷமாக வீட்டில் நடமாடிய ஆளை இப்போதுதான் யாரோ அறிமுகம் செய்துவைத்த மாதிரி. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ரவிக்கையின் கையை மட்டும் கவனமாக மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கூடத்திலிருந்து மாமியார் குரல் பாய்ந்து வந்தது.

"ரெண்டு பேரும் அங்க என்னடி குசுகுசுன்னு பேசிட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல!"

இரண்டு வாயிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் வந்தது. உள்ளே டீ கிளாஸ் எதுவோ சட்டென்று மேஜையில் வைக்கப்படும் சத்தம்.